ஆள் பெர்லினில், பில் பெங்களூரில்: ஈ.ஓ.ஆர். வழியாக வெளிநாட்டில் ஆள் எடுப்பது

கோரமங்களாவிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ முப்பது பேர் வேலை செய்யும் மென்பொருள் கம்பெனிக்கு வெளிநாட்டில் ஒரே ஒரு ஆள் தேவைப்பட்டால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். கஸ்டமர் அங்கே இருக்கிறார், அவர் தூங்கி எழும் நேரத்தில் பேச ஓர் ஆள் வேண்டும். இல்லையென்றால், ஐந்தாறு வருஷமாக நன்றாக வேலை செய்யும் ஒரு பெண் கணவரோடு ஆம்ஸ்டர்டாமுக்கோ டொராண்டோவுக்கோ போகிறார், அவரை விட மனசில்லை. ஒரு ஆளுக்காக அந்த நாட்டில் கம்பெனி பதிவு செய்ய முடியாது. அந்த இடத்தில்தான் ‘எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட்’ வருகிறது. இனி ஈ.ஓ.ஆர். என்றே எழுதுகிறேன்.

ஏற்பாடு இதுதான். அந்த நாட்டில் ஏற்கெனவே பதிவு செய்த ஒரு நிறுவனம் உங்கள் ஆளைத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், வருமான வரிப் பிடித்தம், சமூகப் பாதுகாப்புக் கட்டணம் எல்லாம் அதன் பெயரில். தினமும் வேலை சொல்வது, வேலையை மதிப்பிடுவது, லீவு தருவது நீங்கள். மாதாமாதம் சம்பளம், முதலாளி பங்குக் கட்டணங்கள், சேவைக் கட்டணம் மூன்றையும் சேர்த்து உங்களுக்கு பில் வரும். ஆர்.சி. புத்தகம் ஒருவர் பேரில், வண்டியை ஓட்டுவது இன்னொருவர் என்பது போன்ற நிலைமை. விபத்து நடந்தால் போலீஸ் இரண்டு பேரையும் கூப்பிடும்.

டெமோவில் விற்பனையாளர் காட்டுவதெல்லாம் வெளிநாட்டுப் பக்கம்: எத்தனை நாடு, எத்தனை நாளில் ஆன்போர்டிங், பேரோல் எவ்வளவு சுலபம். அந்தப் பக்கத்தை நல்ல நிறுவனங்கள் ஒழுங்காகத்தான் செய்கின்றன. இங்குள்ள கம்பெனிகள் அடி வாங்குவது பெங்களூர்ப் பக்கத்தில். டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி), ஜி.எஸ்.டி., வங்கி, ஈசாப் (ஊழியருக்குத் தரும் பங்கு வாங்கும் உரிமை) என்று இந்த நான்கைப் பற்றி எந்த டெமோவும் பேசாது. அவர்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே டெமோவுக்கு முன்பே ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பில்லில் என்ன இருக்கும்

ஜெர்மனியில் ஆண்டுக்கு 60,000 யூரோ சம்பளத்துக்கு ஓர் எஞ்சினியரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 5,000. இதன்மேல் முதலாளி பங்கு: ஓய்வூதியக் காப்பீடு 9.3 விழுக்காடு, வேலையின்மைக் காப்பீடு 1.3, மருத்துவக் காப்பீடு 7.3, அதோடு காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கூடுதல் வீதத்தில் பாதி, பராமரிப்புக் காப்பீடு 1.8. எல்லாம் சேர்ந்து சுமார் 21 விழுக்காடு. சில சின்னச் சின்ன வரிகளும் உண்டு. ஆக 5,000 என்பது 6,050, 6,100 ஆகிவிடும். இதன்மேல் ஈ.ஓ.ஆர். கட்டணம். பெரிய தளங்கள் ஆளுக்கு மாதம் 400 முதல் 700 டாலர் வரை விலை போடுகின்றன. சிலர் மட்டும் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று கேட்பார்கள். சம்பளம் உயர உயர அவர்களுடைய வேலை கூடுவதில்லை. எனவே நிலையான கட்டணத்தையே கேளுங்கள்.

கண்ணில் படாத செலவு இரண்டு. ஒன்று டெபாசிட். ஒரு மாதம் முதல் மூன்று மாதச் சம்பளம் வரை முன்கூட்டியே கேட்பார்கள். நோட்டீஸ் காலம் நீண்ட நாடுகளில் இது கூடும். இன்னொன்று நாணய மாற்று விகிதம். பில் டாலரில் வரும், ஊழியருக்கு யூரோவில் போகும், நடுவில் அவர்கள் வைக்கும் விகிதத்தில் ஒரு விளிம்பு ஒளிந்திருக்கும். 6,000 யூரோவில் 2 விழுக்காடு என்றால் மாதம் 120 யூரோ. கட்டணத்தில் ஐம்பது டாலர் குறைக்கப் பேரம் பேசிவிட்டு இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய. எந்த நாளின் எந்த விகிதம், அதன்மேல் எத்தனை விழுக்காடு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஊழியரின் நாணயத்திலேயே பில் கேளுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது மாதச் செலவை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டு முழுக்க என்ன ஆகும், ஒரு வருஷம் கழித்து ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இரண்டு தாள் கேளுங்கள். பிரேசிலில் 13ஆவது மாதச் சம்பளம் உண்டு. 30 நாள் விடுமுறைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சம்பளம், ஊழியர் பெயரில் மாதம் 8 விழுக்காடு சேரும் எஃப்.ஜி.டி.எஸ். நிதி, காரணமின்றி நிறுத்தினால் அந்த நிதி இருப்பில் 40 விழுக்காடு அபராதம். பிலிப்பைன்ஸிலும் 13ஆவது மாதச் சம்பளத்தை டிசம்பர் 24க்குள் கொடுத்தாக வேண்டும். அமீரகத்தில் முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள் என்று பணிமுடிவுத் தொகை சேர்ந்துகொண்டே போகும். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் முதலாளி 15 விழுக்காடு நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டுகிறார், பென்ஷனுக்குக் குறைந்தது 3 விழுக்காடு தனி. சில ஈ.ஓ.ஆர்.கள் இவற்றை மாதாமாதம் ஒதுக்கி பில்லில் சேர்ப்பார்கள், சிலர் வரும் மாதத்தில் மொத்தமாகப் போடுவார்கள். இரண்டாவது முறையில் டிசம்பர் பில் இரட்டிப்பாகும். அது தப்பில்லை, ஆனால் பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.

டி.டி.எஸ்.: பில் போடுவது யார்?

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பும்போது, அந்தப் பணம் இந்தியாவில் வரிக்கு உட்பட்டது என்றால் பிடித்தம் செய்யும் பொறுப்பு உங்களுடையது. வருமான வரிச் சட்டம் ‘தொழில்நுட்பச் சேவைக் கட்டணம்’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ‘தொழில்நுட்ப அல்லது பிற ஆட்களின் சேவையை வழங்குவது’ என்ற வரி இருக்கிறது. ஈ.ஓ.ஆர். செய்வது கிட்டத்தட்ட அதுதான் என்று அதிகாரி சொன்னால் மறுப்பது எளிதில்லை. உள்நாட்டுச் சட்டப்படி வீதம் 20 விழுக்காடு. 2023 நிதிச் சட்டம் 10ஐ 20 ஆக்கியது. செஸ் சேர்த்தால் 20.8.

இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால் இது குறையலாம், இல்லாமலும் போகலாம். எந்த நாட்டோடு உள்ள ஒப்பந்தம் என்பதுதான் கேள்வி. ஆள் ஜெர்மனியில் இருக்கிறார் என்பதால் ஜெர்மனி ஒப்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு பில் போடும் நிறுவனம் எந்த நாட்டின் வரிக் குடியிருப்பாளரோ, அந்த நாட்டு ஒப்பந்தம். பெரிய தளங்களில் ஜெர்மன் கிளை ஆளை வேலைக்கு வைக்கும், பில் அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ வரும். அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் ஒப்பந்தங்களில் ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு: சேவை செய்தால் மட்டும் போதாது, அந்தத் தொழில்நுட்ப அறிவை நீங்களே தனியாகப் பயன்படுத்தும்படி கைமாற்றித் தந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியல் நடத்துவதில் அப்படி எதுவும் கைமாறுவதில்லை என்று வாதிட இடமிருக்கிறது. ஜெர்மனி, அயர்லாந்து ஒப்பந்தங்களில் அந்த நிபந்தனை இல்லை, வீதம் 10 விழுக்காடு. ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே தளம். பில் எந்த ஊர் முகவரியிலிருந்து வருகிறது என்பதை வைத்து உங்கள் செலவு மாறிவிடுகிறது.

செலவு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஈ.ஓ.ஆர். ஒப்பந்தங்களில் ‘எல்லா வரியும் நீங்கலாக முழுத் தொகையும் எங்களுக்கு வந்துசேர வேண்டும்’ என்று ஒரு ஷரத்து ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அப்படியென்றால் பிடிக்கும் வரி உங்கள் பையிலிருந்துதான் போகும், தொகையைப் பெருக்கிக் கணக்கிட வேண்டும். 10 விழுக்காடு என்றால் 100 யூரோ பில்லுக்கு 111 ஆகும். 20.8 என்றால் 126ஐத் தாண்டும். மேலே சொன்ன 400, 700 டாலர் கட்டணமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. பில்லில் பெரும்பகுதி சம்பளம், அது ஈ.ஓ.ஆரின் வருமானமே இல்லை, வந்ததைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது ஒன்று. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் தொழிலுக்கோ, வெளிநாட்டு மூலத்திலிருந்து வருமானம் ஈட்டவோ பயன்படும் சேவைக்கு விலக்கு இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ஆடிட்டர் உங்கள் உண்மைநிலைக்கு வைத்துப் பார்த்து எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாக ‘பரவாயில்லை, அனுப்புங்கள்’ என்பது போதாது. பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விட்டால் வட்டியோடு வரி கேட்பதோடு நிற்காது, அந்தச் செலவையே வருமானத்திலிருந்து கழிக்க விடமாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஈ.ஓ.ஆரிடமிருந்து வாங்க வேண்டிய காகிதங்கள்: பில் போடும் நிறுவனத்தின் நடப்பு ஆண்டு டேக்ஸ் ரெசிடென்சி சர்டிபிகேட், வருமான வரித் தளத்தில் பதிவான படிவம் 10எஃப் (வரி ஒப்பந்தச் சலுகை கேட்பதற்கான விவரம்) அல்லது அதற்கு இப்போது ஈடான படிவம், இந்தியாவில் நிரந்தர அமைப்பு (வரி போடும் அளவுக்கு நிலையான தொழில் இருப்பு) இல்லை என்ற கடிதம். இதில் இந்தியக் கிளை வைத்திருக்கும் பெரிய தளங்களிடம் மூன்றாவது கடிதம் சுலபத்தில் வராது, ஏனென்றால் இந்தியாவில் அவர்களுக்கு ஏதோ ஒரு வடிவில் இருப்பு உண்டு. வந்தாலும் சொற்களை ஆடிட்டர் படிக்கட்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பழைய வலைப்பதிவுகளில் உள்ள பிரிவு எண்களையும் படிவ எண்களையும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

ஜி.எஸ்.டி.: முழு பில்லுக்கும் 18

வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவர் வரி கட்டும் முறை) 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. நீங்களே கட்ட வேண்டும். இங்கே வழக்கமாக எழும் வாதம்: ‘600 டாலர் கட்டணத்துக்கு மட்டும் கட்டினால் போதாதா, மீதி சம்பளம்தானே?’ போதாது. ஊழியர் சட்டப்படி ஈ.ஓ.ஆரின் ஊழியர். சம்பளம் கொடுப்பது அவர்களுடைய கடமை, உங்களுக்காக அவர்கள் கட்டிய பணம் அல்ல. அதனால் மொத்த பில்லும் சேவையின் மதிப்பு. 6,650 யூரோ பில்லுக்கு வரி 1,197 யூரோ.

இந்த விஷயத்தில் நம் ஊர் வழக்கு ஒன்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. நார்தர்ன் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் என்ற பெங்களூர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வெளிநாட்டுக் குழும நிறுவனங்கள் அனுப்பிய ஊழியர்கள் விஷயம் ஆள் வழங்கும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. அது சேவை வரிக் காலத்து வழக்கு, ஈ.ஓ.ஆர். பற்றியதும் அல்ல. அதைக் கண்மூடித்தனமாக எல்லா இடத்திலும் பொருத்தாதீர்கள் என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2023 டிசம்பரில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் குழும நிறுவனம் அனுப்பிய ஆளுக்கே அந்த நிலை என்றால், ஆள் தருவதையே தொழிலாக வைத்திருப்பவரின் பில்லில் சம்பளத்தைத் தனியே பிரித்துக் காட்டுவது நிற்காது.

ரிவர்ஸ் சார்ஜ் வரியை இன்புட்டில் (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்குக் கிடைக்கும் வரவு) கழிக்க முடியாது, கேஷ் லெட்ஜரிலிருந்து பணமாகவே கட்ட வேண்டும். கட்டியபின் இன்புட் எடுத்துக்கொள்ளலாம். உள்நாட்டு விற்பனை இருந்தால் அதில் கழியும். எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிக்கடிதம்) போட்டு முழுக்க ஏற்றுமதி செய்யும் கம்பெனி என்றால் ரீஃபண்டுக்குப் போட வேண்டும், பணம் சில மாதம் அரசிடம் தங்கும். மருத்துவமனை, பள்ளி போன்ற வரிவிலக்குச் சேவை தருபவர்களுக்கு இன்புட்டே கிடையாது, 18 விழுக்காடும் செலவுதான். வரிப் பொறுப்பு எழும் தேதி பணம் அனுப்பிய நாள், அல்லது பில் தேதியிலிருந்து 60 நாள் கழிந்த மறுநாள், எது முந்தியோ அது. செல்ஃப் இன்வாய்ஸை (வாங்குபவர் தானே போட்டுக்கொள்ளும் பில்) 2024 நவம்பர் 1 முதல் 30 நாளுக்குள் போட வேண்டும். இதை மறந்துவிட்டு ஆண்டு இறுதியில் பன்னிரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் பல அக்கவுன்ட்ஸ் பிரிவுகளின் பழக்கம்.

டெபாசிட்டுக்கு வரி இல்லை, அதை பில்லில் கழிக்காத வரை. ஒப்பந்தத்தில் ‘திரும்பத் தரக்கூடிய டெபாசிட்’ என்ற சொல்லும், எத்தனை நாளில் திரும்பும் என்பதும் இருக்கட்டும். ‘முன்பணம்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு.

வங்கியும் பேரோல் தேதியும்

முதல் ரெமிட்டன்ஸ்தான் இழுக்கும். ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), பர்ப்பஸ் கோடு (எதற்காக அனுப்புகிறீர்கள் என்ற குறியீடு), ஒப்பந்தம், பில், அனுப்பும் பணத்தின் வரி விவரத்தைச் சொல்லும் 15சி.ஏ.வும் 15சி.பி.யும் அல்லது இப்போது அவற்றின் இடத்தில் இருக்கும் படிவங்கள் எல்லாம் கேட்பார்கள். கிளையில் உள்ளவருக்கு ஈ.ஓ.ஆர். என்பது புதிது. ‘அது உங்கள் ஊழியர் என்றால் ஏன் அவருக்கு நேரே அனுப்பவில்லை, உங்கள் ஊழியர் இல்லை என்றால் ஏன் சம்பளம் என்று போட்டிருக்கிறது’ என்ற கேள்வி வரும். ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஆடிட்டரின் சான்றோடு கொடுத்துவிட்டால் இரண்டாம் மாதத்திலிருந்து ஓடும். ஃபாரெக்ஸ் பிரிவு உள்ள கிளையிலேயே கணக்கு வைப்பது நல்லது.

ஈ.ஓ.ஆர். தளங்கள் மாதத்தின் முதல் பாதியிலேயே மாற்றங்களை மூடிவிடும். போனஸ், சம்பள உயர்வு, சம்பளமில்லா லீவு எல்லாம் பத்தாம் தேதி வாக்கில் பதிவாகியிருக்க வேண்டும். நம் ஊரில் 28ஆம் தேதி பேரோலைத் திறந்து திருத்துவது சகஜம். அது அங்கே நடக்காது. பில் வந்து பணம் அவர்கள் கையில் சேர்ந்தபின்தான் சம்பளம் போகும் என்ற ஏற்பாடு என்றால், நடுவில் ஒரு தீபாவளி விடுமுறையோ நாலாம் சனிக்கிழமையோ வந்தாலே சம்பளம் தள்ளிப்போகும். அந்த ஊழியருக்கு அங்கே வீட்டு வாடகை ஒன்றாம் தேதி தானாகவே கணக்கிலிருந்து போகும். ஒரு மாத பில்லைத் தாண்டி இருப்பு வைப்பதோ, வங்கியோடு பேசி நிலையான தேதி வைத்துக்கொள்வதோதான் வழி.

நாட்டுக்கு நாடு மாறும் சட்டம்

‘நூற்றைம்பது நாடுகளில் இருக்கிறோம்’ என்று சொல்லும் தளத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த நாட்டில் உங்கள் சொந்த நிறுவனமா, இல்லை உள்ளூர்க் கூட்டாளியா? கூட்டாளி என்றால் உங்கள் ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு நிறுவனம். பிரச்சினை வந்தால் டிக்கெட் போட்டுவிட்டு யாரோ ஒருவர் யாரையோ கேட்டுச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். வேலை உருவாக்கும் அறிவுசார் சொத்தும் அதே சங்கிலியில்தான் வந்தாக வேண்டும்: ஊழியரிடமிருந்து கூட்டாளிக்கு, கூட்டாளியிடமிருந்து தளத்துக்கு, தளத்திடமிருந்து உங்களுக்கு. ஒரு கண்ணி விட்டுப்போனால், முதலீட்டாளர் வக்கீல் டியூ டிலிஜன்ஸில் (முதலீட்டுக்கு முந்தைய ஆவணச் சோதனை) அதைத்தான் முதலில் பிடிப்பார். மூன்று தாளையும் படித்துப் பார்க்கக் கேளுங்கள்.

ஜெர்மனியில் ஆளை இன்னொருவருக்கு வேலைக்குத் தருவதற்கு மத்திய வேலைவாய்ப்பு முகமையின் உரிமம் வேண்டும். ஒரே ஆளை ஒரே நிறுவனத்துக்குப் பொதுவாக 18 மாதத்துக்கு மேல் தர முடியாது. உரிமம் இல்லை என்றாலோ, காலம் தாண்டினாலோ, அந்த ஊழியர் உங்களுடைய நேரடி ஊழியர் என்று சட்டமே கருதிக்கொள்ளும். ஜெர்மனிக்கு ஆள் எடுப்பவர்கள் உரிமத்தின் நகலையும், 18ஆம் மாதம் என்ன செய்வதாகத் திட்டம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பூசி மெழுகினால் வேறு நிறுவனம் பார்க்கலாம். கண்டுபிடிப்புகளுக்கு அங்கே தனிச் சட்டம் உண்டு. ஊழியர் கண்டுபிடித்ததை முதலாளி உரிமை கோரினால் ஊழியருக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும்.

மெக்சிகோ 2021இல் ஆள் வழங்கும் தொழிலையே பெரும்பாலும் தடை செய்துவிட்டது. சிறப்புச் சேவை என்று பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் இடம். பிலிப்பைன்ஸில் வெறும் ஆளை மட்டும் அனுப்பும் ஒப்பந்தம் 2017ஆம் ஆண்டு உத்தரவுப்படி கூடாது.

அங்கே உட்கார்ந்து விற்பனை ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பவரை எடுத்தால், சம்பளப் பட்டியல் யாருடையதாக இருந்தாலும் உங்கள் கம்பெனிக்கு அந்த நாட்டில் நிரந்தர அமைப்பு இருக்கிறது என்று அந்நாட்டு வரித்துறை சொல்லலாம். ஈ.ஓ.ஆர். இதற்குக் கவசமாகாது. எஞ்சினியருக்கு இந்த ஆபத்து குறைவு, விற்பனைத் தலைவருக்கு அதிகம். விலையை இறுதி செய்வதும் கையெழுத்தும் பெங்களூரில் நடக்கட்டும், உண்மையிலேயே நடக்கட்டும். காகிதத்தில் மட்டும் பெங்களூர் என்றால் மெயில்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

லேப்டாப்பை இங்கிருந்து கூரியரில் அனுப்பாதீர்கள். சுங்கவரி, பேட்டரி விதி, அங்கே கஸ்டம்ஸில் ஊழியரே போய் நிற்பது என்று எல்லாம் தலைவலி. ஈ.ஓ.ஆர். மூலம் அங்கேயே வாங்கிவிட்டு, யாருக்குச் சொந்தம், கடைசி நாளில் யாரிடம் திரும்பும் என்று எழுதிவையுங்கள்.

ஆளை நிறுத்துவது

பெங்களூர்ப் பழக்கங்கள் சில விமானம் ஏறக் கூடாது. 90 நாள் நோட்டீஸ், புரொபேஷனை நீட்டிக்கொண்டே போவது, பாண்டு, ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைப்பது. ஜெர்மனியில் புரொபேஷன் அதிகபட்சம் ஆறு மாதம், அதில் நோட்டீஸ் இரண்டு வாரம். ஆறு மாதம் தாண்டி, பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் பணிப்பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். இங்கே நிறுவனம் என்பது உங்கள் முப்பது பேர் அல்ல, ஈ.ஓ.ஆரின் ஜெர்மன் நிறுவனம். அங்கே பத்துப் பேருக்கு மேல் அநேகமாக இருப்பார்கள். பணிநீக்கக் கடிதம் காகிதத்தில், மையில் கையெழுத்திட்டு, அவர் கையில் சேர வேண்டும். ஸ்லாக்கிலோ மெயிலிலோ சொன்னது செல்லாது. செல்லாத அறிவிப்பு கொடுத்துவிட்டால் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே மேனேஜருக்குச் சொல்ல வேண்டிய விதி: ஒருவரை நிறுத்த நினைத்தால் அவரிடம் பேசும் முன்பு ஈ.ஓ.ஆரிடம் பேசு. நீக்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான். பிலிப்பைன்ஸில் தவறு காரணமாக நீக்க இரண்டு அறிவிப்பு முறை உண்டு: முதலில் குற்றச்சாட்டு, விளக்கம் தர நேரம், பிறகு முடிவு. இதையெல்லாம் நடத்தும் செலவும், சமரசத் தொகையும் உங்கள் பில்லில் வரும். புரொபேஷன் ஆறு மாதம் என்றால், வேலை சரியில்லை என்பதை நான்காவது மாதத்திலேயே எழுத்தில் பதிந்துவையுங்கள். ஐந்தரை மாதத்தில் விழித்துக்கொண்டால் காலம் போதாது.

ஈசாப்

இதில்தான் அதிகம் பேர் வாக்குறுதி கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஆஃபர் லெட்டரில் ‘0.2 விழுக்காடு ஆப்ஷன்’ என்று எழுதியாகிவிடும். இந்தியக் கம்பெனிகள் சட்ட விதிகளின்படி ஆப்ஷன் பெறக்கூடியவர் உங்கள் கம்பெனியின் நிரந்தர ஊழியராகவோ, தாய் அல்லது துணை நிறுவனத்தின் ஊழியராகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்பவராக இருக்கலாம், தடையில்லை. ஆனால் ஈ.ஓ.ஆர். ஊழியர் இந்த மூன்றிலும் இல்லை. ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகளும் வெளிநாட்டுவாசிக்கு ஈசாப் தருவதை இதே போன்ற உறவோடுதான் கட்டியிருக்கின்றன.

நடைமுறையில் செய்யக்கூடியது பணமாகத் தீர்க்கும் ஃபேன்டம் ஸ்டாக் அல்லது பங்குமதிப்பு உயர்வு உரிமை. பங்கு கைமாறாது, கம்பெனி விற்கப்படும்போது மதிப்பு உயர்வுக்கு ஈடான பணம் போனஸாக ஈ.ஓ.ஆர். சம்பளப் பட்டியல் வழியே போகும். அதன்மேல் அந்த நாட்டு முதலாளி பங்கும் ஏறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். தாய் நிறுவனம் அமெரிக்காவின் டெலாவேரில் இருக்கும் கம்பெனிகளுக்கு வழி வேறு. அங்கே அந்த நாட்டுச் சட்டமும் திட்ட ஆவணமும் அனுமதிக்கும் வரை தரலாம்.

இங்கிருந்து கிளம்பும் ஊழியர்

கணவரோடு நெதர்லாந்து போகும் அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம். ‘சில மாதம் இங்குள்ள சம்பளமே வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்பதுதான் முதல் யோசனையாக வரும். அங்கே உட்கார்ந்து வேலை செய்தால் அங்கே வரியும் சமூகப் பாதுகாப்பும் வரும், தேதி ஓடிக்கொண்டே இருக்கும். கம்பெனியே குறுகிய காலத்துக்கு அனுப்புவதாக இருந்தால் பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.விடம் கவரேஜ் சான்றிதழ் வாங்கி, பி.எஃப். இங்கேயே தொடரலாம். நெதர்லாந்து, ஜெர்மனி, கனடா உட்பட ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கு இது பொருந்தும், அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. ஈ.ஓ.ஆருக்கு மாறிவிட்டால் இந்தச் சான்றிதழ் கிடையாது, அவர் அங்குள்ள ஊழியர்.

மாறுவது என்றால் இங்கே ராஜினாமா. ஐந்து வருஷம் முடியும் முன்பே வேலையை விட்டால் கிராஜுவிட்டி கிடைக்காமல் போகலாம். தேதியைத் தள்ளுங்கள், அல்லது அதற்கு ஈடாக ஒரு தொகையைப் பேசி முடியுங்கள். வெஸ்ட் ஆன (காத்திருப்புக் காலம் முடிந்து உரிமையான) ஈசாப்பை ராஜினாமா செய்தபின் குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் காலாவதி ஆகும் என்று பெரும்பாலான திட்டங்களில் இருக்கும். அந்தக் காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்தை போர்டு முன்கூட்டியே போட வேண்டும், அவர் கிளம்பிய பிறகு அல்ல. மீதி லீவைக் காசாக்கி முடித்துவிடுங்கள், ஈ.ஓ.ஆருக்கு மாற்ற முடியாது. விசாவில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்பதை ஈ.ஓ.ஆரே பார்ப்பார்கள் என்றாலும், குடியிருப்பு அட்டை கைக்கு வந்த பிறகுதான் சேரும் தேதியை முடிவு செய்யுங்கள். விசிட் விசாவில் போய் லேப்டாப்பைத் திறப்பது எந்த நாட்டிலும் நல்லதில்லை.

சம்பளத்தை எப்படி முடிவு செய்வது என்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பெங்களூர் சம்பளத்தை யூரோவில் மாற்றினால் அங்குள்ள குறைந்தபட்சத்துக்கே எட்டாமல் போகலாம்; அங்குள்ள சந்தைச் சம்பளம் தந்தால் இங்குள்ள டீம் லீடரைவிட அதிகமாகிவிடும். என் கருத்து, அங்கே வாழ்பவருக்கு அங்குள்ள சம்பளத்தின் கீழ்ப்பாதியில் ஓர் எண். அதற்குக் கட்டுப்படியாகாது என்றால் அந்த வேலையை அங்கே வைக்காமல் இருப்பது மேல்.

எப்போது வெளியேறுவது

ஒரு நாட்டில் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் கணக்கைத் திரும்பப் போடுங்கள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 600 டாலர் என்றால் ஆண்டுக்கு 72,000 டாலர் கட்டணம் மட்டும். சொந்தத் துணை நிறுவனம் என்றால் 2022ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கி வழியாக முதலீடு, யு.ஐ.என். என்ற அடையாள எண், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை, ஜூலை 15க்குள் எஃப்.எல்.ஏ. ரிட்டர்ன் (வெளிநாட்டுச் சொத்து, கடன் கணக்கு), இரு நிறுவனத்துக்கும் இடையே டிரான்ஸ்ஃபர் பிரைசிங் (ஒருவருக்கொருவர் போடும் விலை பற்றிய) அறிக்கை. ஈசாப் சிக்கல் அதோடு தீரும், துணை நிறுவன ஊழியருக்கு ஆப்ஷன் தரலாம்.

அந்த நாள் வரும் என்று ஒப்பந்தத்தில் இப்போதே எழுத வேண்டும். பல ஒப்பந்தங்களில், ஈ.ஓ.ஆரின் ஊழியரை நீங்கள் நேரடியாக எடுக்கக் கூடாது அல்லது எடுத்தால் சில மாதச் சம்பளம் கட்டணமாகத் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து சத்தமில்லாமல் இருக்கும். நீங்களே தேடிப் பிடித்த ஆளுக்கு! அதை எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மாற்றும்போது பழைய பணிக்காலம் கணக்கில் சேருமா, மீதி விடுமுறை யார் தலையில், அமீரகம் போல வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட நாடுகளில் புதிய அனுமதி வரும் வரை அவர் வேலை செய்யலாமா, டெபாசிட் எந்தத் தேதியில் திரும்பும் என்ற நான்கையும் மாற்றுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.